அக்காவுக்காகத் தூது போனேன்

அக்கா ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். பழைய காதல் பாட்டுகளுக்கு ஒரு பேராசிரியர் எழுதிய உரையை மூன்று வருடமாக அவள்தான் கணினியில் ஏற்றினாள். அங்கேயே நான் புரூஃப் பார்த்தேன். அந்தப் புலவர்களுக்குப் பெண்ணைக் கண்டால் பெண்ணைத் தவிர மற்றதெல்லாம் கண்ணில் படும். கண் இருந்த இடத்தில் மீன், இடை இருந்த இடத்தில் கொடி. அவளுக்கு ஆசை வந்தால் அதையாவது ஆசை என்று சொல்வார்களா? மாட்டார்கள். மேனி பசந்தது, வளை கழன்றது, தூக்கம் போனது என்பார்கள். வாய் திறந்து பேச ஒரு தோழி வேண்டும். சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பாள்.

சிரித்தவளே அதில் போய் விழுந்தாள். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு எங்கள் அச்சகத்தில் புத்தகம் தைத்து அட்டை ஒட்டும் பைண்டரைப் பிடித்துப்போனது. அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் கைநழுவிப் போயிருந்தன. பைண்டருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எந்நேரமும் விரலில் பசை காய்ந்திருக்கும் மனிதர். யார் தாள்களைக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொள்வார். அக்கா கொடுத்தால் மட்டும் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்குவார். இதைக் கவனிக்காமல் இருக்க நான் என்ன குருடியா?

அவர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகப்போகிறார் என்று தெரிந்த அன்று, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய்ச் சொல்லுடி. என்னால முடியாது."

"என்னன்னு சொல்ல?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியும். அக்காவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, போகாதீங்க. இவ்வளவுதான். ஆனால் மூன்று வருடம் அந்த உரையில் பிழை திருத்தியவளுக்கு அது பச்சையாகத் தெரிந்தது. நாசூக்காகச் சொல்கிறேன் பேர்வழி என்று போய் நின்றேன்.

"அக்கா ரொம்ப எளச்சுட்டா. தூங்கறதே இல்ல. வளையல் கழண்டு கழண்டு விழுது."

அவர் தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போனது.

"எத்தன நாளாங்க? எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. சர்க்கரைதான். உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அவர் அவ்வளவு பயந்ததைப் பார்த்தும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நடந்ததைக் கேட்டு அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். "போடி மக்கு, தோழியாம் தோழி" என்றாள். மறுபடி போய்ச் சொல் என்று அவள் கேட்கவில்லை. நானாகவும் போகவில்லை. சனிக்கிழமை அவர் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அச்சகத்தின் பழைய லேண்ட்லைனுக்குப் போன் செய்து அக்காவைக் கூப்பிடச் சொன்னார். ஒட்டி நின்ற எனக்கும் கேட்டது.

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கேன்."

"அப்பாடா. ஒரு மாசமா அதே நெனப்பு." என்றவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இங்க எனக்கு ஒரு இடம் பாத்திருக்காங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்ல இடமா இருந்தா பண்ணிக்கோங்க."

"சரிங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

அக்கா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை. "திரும்பக் கூப்பிடுக்கா, இப்பவே சொல்லிடு" என்றேன். கூப்பிட எங்களிடம் நம்பர் இல்லை. அதைக் கேட்டு வாங்கி வைக்க இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.