வெல்லப்பாகு பூசிய பன்றித்தொடை

கிராம்பும் கருகிய இனிப்புமாக அந்த வாசனை போன கிறிஸ்துமஸ் அன்று திருச்சி ஓட்டலொன்றில் மூக்கில் ஏறியதுமே, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழி விழுங்கிவிட்ட எங்கள் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்குப் போய்விட்டேன். அங்கே அப்பா, உப்பில் ஊறிய பன்றித்தொடைக்கு வெல்லப்பாகு பூசி, ரொட்டிக்கடை அடுப்பில் சுட்டு எடுத்து வருவார். வாசனை தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு சூப்பர்வைசர் எங்களுக்குக் கேட்கும்படி ஜன்னல்களை அறைந்து சாத்துவார். கொஞ்ச நேரத்தில் அதே மகான் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார்.

"எங்க வூட்டுப் பாத்திரத்துல படக்கூடாதுங்க, எலையில கட்டிக் குடுங்க. பையனுக்கும் சேத்து."

அம்மா கட்டிக் கொடுப்பாள். நக்கித் துடைத்த இலையை, தன் வாசலில் ஈ மொய்க்கக்கூடாதென்று, எங்கள் குப்பையிலேயே கொண்டுவந்து போடுவார். அவ்வளவு ஆசாரம்.

அந்தப் பையன்தான் திருச்சியில் எனக்கு விருந்து கொடுத்தவன். பளபளக்கும் பன்றித்தொடைத் துண்டுகளைத் தட்டில் அடுக்கிப் படமெடுத்துவிட்டு, இரக்கத்தோடு கேட்டான்.

"இந்த மாதிரி ஹாமெல்லாம் சாப்ட்ருக்கீங்களாக்கா?"

"சாப்ட்ருக்கேன் தம்பி. உங்க வூட்டாளுங்க இதைத் தட்டுல வச்சுத் திங்கறதைத்தான் இன்னிக்கு மொதமொதல்ல பாக்கறேன்."