கூறை எடுக்க வந்தவர்கள்

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் எனக்கொரு புடவைக் கடை இருக்கிறது. துணியைத் தொட்டே விலை சொல்வேன், முகத்தைப் பார்த்தே கள்ளரைப் பிடிப்பேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இரண்டாவதை இப்போது சொல்வதில்லை.

வருடப்பிறப்புக்கு முந்திய கிழமைகளில் வெளியூரிலிருந்து வான் வண்டியில் நாலைந்து பெண்கள் வருவார்கள். ஒருத்தி மேல்தட்டுச் சேலையை எடுக்கச் சொல்வாள். இன்னொருத்தி நிறம் பார்க்க வெளிச்சம் கேட்பாள். மூன்றாமவள் குறுக்கே நிற்பாள். நாலாமவளின் உள்பாவாடைக்குள் பை தைத்திருக்கும். ஒருநாள் ஆறு சேலைகள் குறைந்ததைக் கண்டு, கதவை மறித்துப் பொலிசைக் கூப்பிட்டேன். வந்த இருவரும் ஆண்கள். பெண்ணைச் சோதிக்கப் பெண் பொலிஸ்தான் வேண்டும். நிலையத்தில் இருந்த ஒரேயொரு பெண் பொலிஸ் அன்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இதெல்லாம் அந்தக் கூட்டத்துக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

மூத்தவள் நிலத்தில் குந்தினாள். "தம்பி, உங்கட அக்காவெண்டால் இப்பிடி மறிச்சு வைப்பியளோ?"

அச்சு அசல் என் பெரியம்மாவின் பேச்சு. நான் உருகிப்போய்க் கதிரை போட்டு இருத்தி, சோடாவும் வாங்கிக் கொடுத்தேன். இன்னொருத்தி, வண்டியில் பிள்ளை அழுகிறது, பால் வாங்க வேண்டும் என்று வெளியே போனாள். கதவைத் திறந்துவிட்டவனும் நான்தான். பெண் பொலிஸ் வந்து சோதித்தபோது ஒன்றுமில்லை. சேலைகள் பால் வாங்கப் போய்விட்டன.

அதன்பிறகு பொலிசார் வழியை மாற்றினார்கள். அந்தப் பெண் பொலிஸ் சாதாரண உடுப்பில் கடைக்குள் வந்து நிற்பார். சந்தேகமென்றால் என் கழுத்திலிருக்கும் அளவுநாடாவைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். பாவம், அவர் நிமிர்ந்த நெஞ்சோடு நின்று, சொன்ன விலைக்குத் தலையாட்டினார். கடையில் வேலை செய்யும் பிள்ளை என் காதில், "அண்ணை, விலை குறைக்கச் சொல்லிக் கேக்காத பொம்பிளையை ஆர் நம்புவினம்?" என்றாள்.

மூன்றாம் நாள் ஐந்து பெண்கள் வந்தார்கள். மேல்தட்டு, வெளிச்சம், குறுக்கே நிற்பது எல்லாம் இருந்தது. கல்யாணக் கூறைச்சேலை எடுக்க வரும் எந்தக் குடும்பமும் அப்படித்தான் வரும் என்பது இருபது வருடம் கூறை விற்றவனுக்கு அந்த நேரம் மறந்துபோனது. பெரிய பையோடு ஒதுங்கி நின்ற ஒரு பெண், "இந்தச் செவப்பு நல்லா இருக்குங்க" என்றார். மலையகப் பேச்சு, எங்கள் பக்கத்துப் பேச்சில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நாடாவைக் கழற்றினேன்.

பெண் பொலிஸ் பையைத் திறந்தார். உள்ளே பற்றுச்சீட்டும் விலைத்துண்டும் இல்லாத புதுச்சேலை. என் நெஞ்சு நிமிர்ந்தது.

வேலை செய்யும் பிள்ளை சேலையைப் புரட்டிப் பார்த்தாள். "இது எங்கட கடைச் சேலையில்லை அண்ணை."

அவர் மணப்பெண்ணின் தாய். மற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறிய குடும்பம். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பிய சம்பந்தம். மாப்பிள்ளையின் தாய் அரைமனதோடுதான் சம்மதித்திருந்தாராம். அவருக்குக் கொடுக்கவென்று வவுனியாவில் வாங்கி, விலை தெரியக்கூடாதென்று துண்டைக் கிழித்து வைத்திருந்த சேலை அது. கடைப்பிள்ளை சொன்னதைக் கேட்க மாப்பிள்ளையின் தாய் அங்கே இருக்கவில்லை. பெண் பொலிஸ் பையில் கை வைத்தவுடனேயே மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் போயிருந்தார். கூறை எடுக்கவில்லை.

பின்னேரம் விசாரித்துக்கொண்டு, கிளிநொச்சியிலேயே இருந்த மணப்பெண்ணின் வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு எனக்கு எதுக்குங்க?" என்றார் அந்த அம்மா. "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அவங்க வீட்டுல வந்து சொல்லுங்க. இல்லாட்டி எம்புள்ள அங்க போயி எப்படிங்க வாழும்?"

என் மோட்டார் சைக்கிளில் ஏற மறுத்து, அவர் பஸ்ஸில் வந்தார். நான் பின்னால் போனேன்.

மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் கதிரைகள் நிறைந்திருந்தன. சம்பந்தத்தை விடுவதா வேண்டாமா என்று சொந்தக்காரர் கூடியிருந்தார்கள். எனக்குக் கதிரை தந்தார்கள். அந்த அம்மாவுக்கு யாரும் தரவில்லை. நானும் அதில் இருக்கவில்லை.

"பிழை என்ரை. இவா ஒண்டும் எடுக்கேல்லை. இவான்ரை மலையகப் பேச்சைக் கேட்டுத்தான் நான் பொலிசுக்குக் காட்டினனான். உண்மையான கள்ளிக்குக் கதிரையும் சோடாவும் குடுத்த மடையன் நான்."

ஒருவர் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் தாய் என் பக்கம் திரும்பினார். "அப்ப எங்களைப் போலக் கதைச்சிருந்தால் பையைத் திறந்திருக்க மாட்டியள், என்ன?"

"ஓம்."

அவர் நிலத்தைப் பார்த்தார். காலையில் சம்பந்தியை விட்டுவிட்டு ஓட்டோவில் ஏறியதைத்தான் நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து, தான் இருந்த கதிரையைச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார்.

அந்த அம்மா அதில் இருக்கவில்லை. கடைசி வரிசையில், காதுக்குப் பின்னால் கையை வைத்தபடி இருந்த ஒரு முதியவரைக் காட்டினார்.

"அந்தப் பெரியவருக்குக் கேக்கலங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். இந்த முறை வீதிக்கும் கேட்டிருக்கும்.