நிச்சயதார்த்த வீட்டில் என் முந்திரி பிஸ்கட்

போன வருடம் ஆவணி மாதம், கந்தர்வக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிச்சயதார்த்தத்தின்போது நடந்த சம்பவம் இது.

அந்த ஊரில்தான் நான் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறேன். அதற்கு முன் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் பேக்கரியில் வேலை. அங்கே என் மேலாளர் இத்தாலிக்காரர். முழுப் பாதாமைப் போட்டுப் பிசைந்த மாவை நீளமாக உருட்டிச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சாய்வாக வெட்டி, மறுபடியும் குறைந்த சூட்டில் காயவிடுவார். கடித்தால் 'மொறுக்' என்ற சத்தம் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். எங்களோடு வேலை பார்த்த சீனாக்காரர் ஒருவர் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, நாக்கை மரக்கவைக்கும் அவர்கள் ஊர் மிளகு ஆகிய ஐந்தையும் வறுத்துப் பொடித்து எப்போதும் கையில் வைத்திருப்பார். ஒருநாள் விளையாட்டாக இத்தாலிக்காரர் மாவில் சீனாக்காரர் பொடியை இருவருமாகக் கலந்தார்கள். அப்படியொரு ருசி!

ஊருக்கு வந்ததும் அதையே செய்தேன். பாதாமுக்குப் பதில் எங்கள் பக்கத்து முந்திரி, சீன மிளகுக்குப் பதில் நம் மிளகு, மேலே கொஞ்சம் கறுப்பு எள். முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்தபோது என் மனைவி, "என்னங்க இது, பிஸ்கட்ல பிரியாணி வாசம் அடிக்குது?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நான்கைந்தைத் தின்றும்விட்டாள். அப்போதே தெரிந்தது, இது ஊரில் நிற்கும் என்று. நின்றது.

அந்த நிச்சயதார்த்தத்துக்கு பிஸ்கட் கேட்டவர் பெண்ணின் அப்பா. முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். அவர் தோப்பு முந்திரியிலேயே செய்துகொடுத்தேன். காபியோடு வைப்பதற்காகத் தட்டுகளை மேசையில் அடுக்கி, அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிய அட்டை ஒன்றையும் நிறுத்தினேன். துபாயில் பழகிய பழக்கம். அங்கே ஒருமுறை விருந்தாளி ஒருவர் பாதாம் பருப்பு சேர்ந்த கேக்கைத் தின்றுவிட்டு மூச்சுக்குத் திணறியதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். 'யாருக்காவது எதுவும் ஒத்துக்காதா?' என்று கேட்காமல் அங்கே ஒரு தட்டும் வெளியே போகாது.

பெண்ணின் அப்பா அட்டையைப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, இது என்ன மருந்துக்கடையா? எங்க முந்திரி ஆருக்குப்பா ஆகாமப் போகும்?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றேன். அட்டையை எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினார்கள். பிஸ்கட்டைக் கடித்தவர்கள் எல்லாம், "எங்க வாங்குனீங்க?" என்று கேட்க, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலித் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே யாரோ சத்தம் போட்டார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அக்கா மகள், நாலு வயதுக் குழந்தை, அம்மா மடியில் இருந்தாள். உதடு வீங்கியிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. விட்டுவிட்டு இருமினாள். கையில் பாதி பிஸ்கட். ஒருவர் பூச்சிக்கடி என்றார். இன்னொருவர் எலுமிச்சம்பழச் சாறு கலக்க ஓடினார். குழந்தை அழுதபோது குரல் கம்மிப்போய் வந்தது. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை, துபாயில் பார்த்த அதே ஒவ்வாமைதான்.

"ஒண்ணும் குடிக்கக் குடுக்காதீங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் வண்டி வாசல்லயே நிக்குது" என்றேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னத்தைய்யா கலந்து குடுத்தே? சீனாப் பொடின்னு சொன்னாங்களே!"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. வேறொரு நாளாக இருந்தால் என் தொழிலுக்காக வாதாடியிருப்பேன். அப்போது அந்த எண்ணமே வரவில்லை.

"என்ன கலந்திருக்குன்னு ஒண்ணு விடாம டாக்டர்கிட்ட சொல்றேங்க. நீங்களும் கூட வாங்க. இப்ப நேரத்தக் கடத்தாதீங்க" என்றேன். என் குரலில் இருந்த உறுதி எனக்கே புதிது. அவர் கையை விட்டார்.

குழந்தையை நடக்கவிடாமல் தூக்கிவந்து வண்டியில் அம்மா மடியிலேயே உட்காரவைத்தோம். ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்திலேயே அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஹார்னில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. உள்ளே நுழையும்போதே, "முந்திரி, எள் சேர்ந்த பிஸ்கட் சாப்பிட்ட குழந்தை, மூச்சு முட்டுது" என்று கத்தினேன். அங்கிருந்த டாக்டரம்மா வேறு கேள்வியே கேட்கவில்லை. தொடையில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. குழந்தை கண்ணைத் திறந்து, "அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். "முன்ன ஒருதடவை பாயசம் குடிச்சப்பவும் ஒதடு தடிச்சுதுங்க. எறும்பு கடிச்சிருக்கும்னு விட்டுட்டோம்" என்றார்.

"இன்னும் தாமதிச்சிருந்தா ரொம்பச் சிரமமாயிருக்கும்" என்றார் டாக்டர். மறுபடி வரக்கூடும் என்று சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். பிறகு கோயம்புத்தூரில் பரிசோதித்தபோது, ஆகாதது முந்திரிதான் என்று உறுதியானது. அன்னாசிப்பூ மேல் எந்தப் பழியும் இல்லை!

அன்று சாயங்காலம் குழந்தையோடு திரும்பி வந்தால் மண்டபத்தில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா மகள் வராமல் தட்டு மாற்ற மாட்டேன் என்று மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தாராம். பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றார். "முந்திரி போட்ட பலகாரம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன் தம்பி. லட்டக்கூட விடல. புள்ளய உள்ள கூட்டியாங்க" என்றார். என் கையைப் பிடித்த சித்தப்பா, சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். அதற்கு முன் குழந்தையின் அம்மா போன் செய்தார். "அண்ணா, எல்லாரும் உங்க பிஸ்கட் சாப்பிடறப்ப இவ மட்டும் பார்த்துட்டு நிப்பாளே. இவளுக்குன்னு ஏதாவது செய்ய முடியுமா?" அவளுக்கு எதெல்லாம் ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பேக்கரியில் முந்திரித் தூள் எங்கும் பறந்திருக்கும் என்பதால், வீட்டுச் சமையலறையைக் கழுவித் துடைத்து, புதுத் தட்டும் புது அடுப்பும் வைத்து, இஞ்சியும் அன்னாசிப்பூவும் சேர்த்து, முந்திரியோ வேறு கொட்டைப் பருப்போ எள்ளோ இல்லாமல் சுட்டேன். அதே இரண்டு தடவைச் சூடு, அதே மொறுமொறுப்பு. கல்யாணத்தன்று அவள் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. "இன்னொண்ணு" என்று கையை நீட்டினாள்.

வாசத்தாலும் மொறுமொறுப்பாலும்தான் என் கை பேர் வாங்கியது என்று நினைத்திருந்தேன். இப்போது யாரிடம் தட்டை நீட்டினாலும், "ஒங்களுக்கு எதாச்சும் ஆகாதா?" என்று முதலில் கேட்கிறேன். அந்தக் கேள்விக்குச் சிரிப்பவர்களைப் பார்த்தால், அந்தக் குழந்தை நீட்டிய கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.