கருப்பட்டித் தோசையில் ஒன்று குறைகிறது

எங்கள் வீட்டுக் கருப்பட்டித் தோசையை மகள்களுக்குச் சொல்லித் தருவதில்லை. மருமகளுக்கு மட்டும்தான். என் மாமியாருக்கு அவருடைய மாமியார் சொன்னார், அவருக்கு அவருடைய மாமியார். பழங்காநத்தத்துக்கு நான் மருமகளாக வந்த முதல் பொங்கலுக்கு மறுநாள் எனக்குச் சொல்லப்பட்டது. பச்சரிசி, ஒரு கை உளுந்து, கருப்பட்டிப் பாகு, சுக்கு, துருவிய தேங்காய். இரும்புக் கல்லில் தடியாக ஊற்றி, நல்லெண்ணெய் விட்டு மூடி வைக்க வேண்டும். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. புது மருமகள்.

சொல்லிக்கொடுத்த அன்றும் அத்தை தோசையை மூடிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். எப்போதும் அப்படித்தான். தோசை வேகிற நேரத்தில் தெருவில் யாரையாவது நாலு கேள்வி கேட்டாக வேண்டும் அவருக்கு. பூக்காரம்மா முழம் போட்ட லட்சணம், மாடி வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திய லட்சணம். நான் பள்ளிக்கூட ஆசிரியை. அடுப்பை விட்டு நகர மாட்டேன்.

அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் நான்தான் சுட்டேன். ஒவ்வொரு தடவையும் அத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்ப்பார். "எல்லாஞ் சரித்தேன். ஒன்னு குறையுது." என்ன குறைகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டுமென்றே மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். போன வருஷம் அவர் இறந்தபோது அழுதேன். சொல்லாமலே போய்விட்டாரே என்று எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் வந்தன.

முதல் வருஷத் திதிக்கு முந்தின நாள் பேரையூரிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். என் கணவரின் தங்கை, அத்தைக்கு ஒரே மகள். கையில் ரெண்டு கிலோ கருப்பட்டி. செருப்பைக் கழற்றும்போதே, "மதினி, நாளைக்கு அம்மாவுக்குப் படைக்கிற தோசைய நாந்தேன் சுடுவேன். சொல்லிக் குடுங்க" என்றாள். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. அத்தை குரல் அப்படியே அவளுக்கு.

சரி என்று அரிசியை ஊறவைத்து அரைத்தோம். சாயங்காலம் ஒரு தோசை ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். ஊற்றினாள், மூடினாள், என் பக்கம் திரும்பினாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"இதுக்கா என்னைய அடுப்படிப் பக்கமே விடல? பெத்த மகளுக்குச் சொல்லாம, நேத்து வந்த உங்களுக்குச் சொன்னாகளே!"

இருபத்திரண்டு வருஷம் நேற்றாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எனக்கு மட்டும் முழுசாச் சொன்னாகளாக்கும்? ஒன்னு குறையுது, ஒன்னு குறையுதுன்னே என் உசுர வாங்குனாக."

"சும்மா பேசாதீக. என்னைய அடுத்த வீட்டுக்காரின்னு நெனச்சாக, அதேன் சொல்லல."

"அடியே, நானே கேட்டேன், மகளுக்கு ஏன் சொல்லலைன்னு. என்ன சொன்னாக தெரியுமா? 'அந்த ருசிய அவ கையோட கொண்டு போயிட்டா, பெறகு இங்க எதுக்கு வருவா'ன்னாக."

நாத்தனார் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் தீய்ந்த வாடை அடித்தது. எடுத்தால் தோசையின் அடியில் கருப்பாக ஒரு வட்டம். குப்பையில் போடப் போன என் கையிலிருந்து அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தி, "அம்மா" என்றாள்.

நானும் தின்று பார்த்தேன். இனிப்புக்கு அடியில் லேசாக ஒரு கசப்பு. அத்தை சுட்ட தோசையேதான். அவர் தோசையிலும் அந்தக் கருப்பு வட்டம் இருந்தது. பிழை என்று நினைத்து முதல் நாளிலேயே திருத்திவிட்டேன். வாத்தியார் புத்தி வேறெங்கே போகும்? அத்தை எதையும் மறைக்கவில்லை. தோசை கருகும்போதெல்லாம் அவர் வாசலில் இருந்தார். என்ன குறைகிறது என்று அவருக்கே தெரியாது. இத்தனை வருஷம் அவரை மனசுக்குள் திட்டியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை படையலுக்குத் தோசையை ஊற்றி மூடிவிட்டு நாங்கள் எதிரெதிரே நின்றோம். சண்டை வரவில்லை. கடைசியில் அவள்தான், "உங்க கல்யாணத்துல எனக்கு எடுத்த சேலை படுமட்டம்" என்று ஆரம்பித்தாள். பற்றிக்கொண்டது. அடியில் கருப்பு வட்டத்தோடு தோசை நன்றாக வந்தது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனபோது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அதேன் கத்துக்கிட்டேல்ல. இனி இங்க எதுக்கு வரப் போற?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு நான் எது சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுற ஆளு. தோசை கருகுற வரைக்கும் அங்க நான் யார்கூட மதினி சண்டை போடுறது? பொங்கலுக்கு வாரேன்."