வட்டத்தில் ஓர் இடம்

"கையைப் பிடிங்க, கையைப் பிடிங்க. நண்டு மாதிரி நுள்ள வாணாம்." அதட்டிக்கொண்டே பளீலா டீச்சர் பிள்ளைகளை வட்டமாக நிறுத்துகிறார். உச்சமுனை முன்பள்ளியில் காலைப் பாட்டு வட்டமாக நின்றுதான். அவர் மட்டும் வெளியே நின்று கைதட்டுவார், உள்ளே போவதில்லை.

வாய் கொஞ்சம் பெரிது. வாசலில் எட்டிப் பார்க்கும் ஆட்டைக்கூட, "சாப்பாட்டுக்கு மட்டும் வாறீங்க, பாட்டுக்கு வாறதில்ல," என்று ஏசுவார். பயற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டுப் பழியைத் தாய்மார் தலையில் கட்டுவார். களப்பு நீரைப் பார்த்த ஜன்னலை மட்டும் எந்த மழையிலும் சாத்தவிட மாட்டார்.

சில வருடங்களுக்கு முன், போர் முடிந்த கையோடு உடப்பு ஊரிலிருந்து கரையோர மீன்வாடிக் குடிசைக்கு வந்த குடும்பத்தின் நான்கு வயதுப் பிள்ளை நிரூபா, அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அப்போது காசு கட்டுகிற பிள்ளைகளுக்கு மட்டுமே பள்ளி. "அம்மாட்ட காசு வாங்கிட்டு வாங்க மகள்," என்று டீச்சர் அனுப்பிவிட்டார். பிள்ளை வாடிக்குப் போய்ச் சேரவில்லை. பின்னேரம் களப்பிலிருந்துதான் உடலைத் தூக்கினார்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து அரசாங்கம் செலவை ஏற்றது. ஊர்ப் பிள்ளை, வாடிப் பிள்ளை எல்லாருக்கும் உட்காரக் கதிரை, காலைச் சாப்பாடு. அப்படித் திறந்த முதல் நாளே வட்டத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நிரூபா போன பிறகு பிறந்தவர்கள் அவர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"கிட்ட வந்து நில்லுங்க," என்றார் டீச்சர்.

"அப்ப அவ எங்க நிக்கிற, டீச்சர்?" என்று கேட்டாள் சின்ன அஸ்ரியா.

அதன்பின் அவர் வட்டத்தை நெருக்கச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தன்மேல் கோபம் இருக்குமோ என்ற ஒரே பயம்தான். தொழுது முடித்து ஆமீன் சொல்லி முகத்தைத் தடவும்போதும் அந்தப் பயம் போவதில்லை.

இன்று காய்ச்சலில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வட்டம் சிறுத்துவிட்டது. கைதட்டியும் யாரும் பாட்டைத் தொடங்கவில்லை.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"அவ பாட மாட்டாவாம்," என்றாள் அஸ்ரியா. "டீச்சர்ட கைதான் வேணுமாம்."

பளீலா டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் வந்தார். ஒரு கையை அஸ்ரியா பிடித்துக்கொண்டாள். மற்றக் கையை அவர் நான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரித் தாழ்த்தி நீட்டினார். ஒரு சின்னக் கையைப் பிடித்த மாதிரி அவர் விரல்கள் மெல்ல மடங்கின. பாட்டு தொடங்கியது.

பாட்டு முடிந்தபோது அந்த உள்ளங்கை களப்பில் தோய்த்தது மாதிரி நனைந்திருந்தது. அவர் அதை முந்தானையில் துடைக்கவில்லை.