எந்தப் பாடத்தை எடுப்பது என்று ஜெபித்தோம்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாராவியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு தோல் பை தைக்கும் கார்கானாவுக்குப் போய்விட்டேன். ஊசி பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது. ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். நம் வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்தாரும் இதை வாசிக்கிற மற்றவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், என் மனைவி எஸ்தர் சமைத்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. உயிர் தப்பியது கர்த்தருடைய கிருபை.

எங்கள் வீட்டில் பேசுகிறவள் அவள்தான். ரேஷன் கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர் வீட்டில், எல்லா இடத்திலும் எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். ஜெபக் கூட்டத்திலும், “இவுக காரியமும் ஒண்ணு இருக்கு, ஜெபிச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிடுவாள். நான் ஆமென் மட்டும் சொல்வேன். அவள் பேச்சு நின்றபோது வீட்டில் இரண்டு பேருடைய பேச்சு நின்றது.

எங்களுக்கு ஒரே மகள், ஜெமிமா. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். அம்மாவை இப்படி விட்டுவிட்டு இனி அங்கே போக மாட்டேன் என்றாள். மாட்டுங்காவில் ஒரு கல்லூரிக்கு அலையாய் அலைந்து, இரண்டாம் வருடத்தில் நேராகச் சேர இடம் வாங்கினாள். சந்தோஷப்பட்டோம். கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்படி நடுவில் மாறி வருகிற பிள்ளைகளுக்கு அங்கே படித்ததெல்லாம் இங்கே கணக்கில் வராதாம். இங்கே முதல் வருடத்தில் நடத்திய கணக்கையும் கம்ப்யூட்டரையும் அவள் அங்கே படிக்கவில்லை. அங்கே படித்த தமிழ் இங்கே பாடமாகவே இல்லை, அதற்குப் பதில் வேறு மொழி படிக்க வேண்டும். இந்த மூன்றும் போக இரண்டாம் வருடத்துப் பாடங்கள் வேறு. வந்து சேர்ந்த முதல் செமஸ்டருக்கு எதையெல்லாம் எடுக்கிறாள் என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். சனிக்கிழமையோடு அது மூடிவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜெமிமா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். எல்லாப் பாடத்தையும் எழுதினாள்.

“எதையாவது விட்டுட்டு அப்புறம் எழுதலாமே மக்கா?” என்றேன்.

“விட்டா அரியர்காரின்னு பேரு வந்துரும்ப்பா. புதுக் காலேஜு. வந்ததுமே அந்தப் பேரு எனக்கு வேண்டாம்.”

காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டங்கள் நிரம்பிவிட்டன. எஸ்தருக்கு சயானில் பெரிய ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிறார்கள். அது காலையில்தான். தவறாமல் போனால்தான் நடப்பாள், பேசுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அடிக்கடி லீவு போட்டால் என் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். ஜெமிமாதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

ஜெமிமா தாளை மடித்துவிட்டு, “சரிப்பா. இந்த வருசம் அம்மாவப் பாத்துக்கிடுதேன். அடுத்த வருசம் படிக்கேன்” என்றாள். அழாமல் சொன்னாள்.

அடுத்த வருடம் என்று சொல்லி நின்ற பிள்ளைகள் எங்கள் சந்தில் இருக்கிறார்கள். ஒருத்தியும் திரும்பப் போகவில்லை. எனக்கு அது தெரியும். எஸ்தர் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அவளுக்கு வலது கை வரவில்லை, இடது கையைத் தூக்கவும் அப்போது தெம்பில்லை. நான் துடைத்தேன். அன்றைக்கு மாதிரி நான் மனம் உடைந்தது கிடையாது.

மறுநாள் வியாழன். எஸ்தருக்காகக் கூட்டத்தை எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். நடத்துகிற ஆசீர் ஐயா, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்டு வந்தார். என்னிடம் வந்ததும், “தங்கராசு, எஸ்தருக்குச் சுகம் கிடைக்கணும். அதான?” என்றார்.

எப்போதும் போலத் தலையாட்டியிருப்பேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும்தான் ஐயா. இன்னொண்ணும் இருக்கு. பிள்ளை பாடம் எடுக்கணும். எத எடுக்கணும், எத விடணும்னு தெரியல. சனிக்கிழமைக்குள்ள எடுக்கணும். இல்லன்னா படிப்பையே விட்டுருவா” என்றேன்.

வெல்டிங் வேலை செய்கிற டேனியல் அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார். “ஓய், பொண்ணப் பெத்தவன் மாப்பிள்ள கேட்டு ஜெபிப்பான். நீரு மேத்ஸ் கேட்டு ஜெபிக்கீரு!”

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. உடனே அவர் மனைவி, “உம்ம மவன் மேத்ஸுக்கு ஜெபிக்காமத்தான பத்தாவதத் திரும்பத் திரும்ப எழுதுனான்? சும்மா இரும்” என்றார். இன்னும் பலத்த சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

ஆசீர் ஐயா கண்ணை மூடினார். “ஆண்டவரே, இந்தப் பாட விசயம் எங்க யாருக்கும் புரியல. உமக்குப் புரியும். பிள்ளைக்கு வழி காட்டும்” என்று ஜெபித்தார். அவ்வளவுதான். என் நெஞ்சில் கனம் குறைந்தது.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது விக்ரோலி மேரி அக்கா என்னிடம் வந்தார். அவர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவரே இல்லை. செம்பூரில் ஒரு சாவு வீட்டுக்கு வந்தவர், எஸ்தரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அன்றைக்கு வந்திருந்தார்.

“தம்பி, எங்க ஷீபாவும் பெங்களூர்ல இருந்து பாதியில மாறி வந்தவதான். இரிங்க, போன் போடுதேன்.”

ஸ்பீக்கரில் அந்தப் பெண் இந்தியும் தமிழுமாகப் பேசினாள். “அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க. ஃபர்ஸ்ட் செம்லயே எல்லாம் முடிக்கத் தேவையில்ல. டிகிரி முடியறதுக்குள்ள முடிச்சா போதும். அது அரியரே இல்ல. எங்க காலேஜ்ல அப்படித்தான். நாளைக்கே உங்க டிபார்ட்மென்ட் மேடத்த நேர்ல பாருங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை கார்கானா முதலாளி சேட்டிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு ஜெமிமாவோடு மாட்டுங்காவுக்குப் போனேன். மேடம் காலண்டர் தாளைப் பார்த்தார். “கிஸ்னே போலா, ஸப் ஏக் ஸாத் கர்னே கோ?” எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய யார் சொன்னது என்று கேட்டார். ஜெமிமா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டு நிலைமை தெரிந்தால் கொடுத்த இடத்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மாவுக்கு முடியாததை அவள் அங்கே சொல்லவே இல்லை.

நான் கதவோரம் நின்றிருந்தேன். ஆண்டவரே, என் வாயைத் திறந்தருளும் என்று மனதுக்குள் கேட்டேன். பிறகு, “மேடம், இஸ்கி மம்மி பீமார் ஹை. சுபே யஹி ஆஸ்பத்திரி லேகே ஜாதி ஹை” என்றேன். இவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, காலையில் இவள்தான் கூட்டிப் போகிறாள் என்று அர்த்தம். படித்தவர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

மேடம் ஜெமிமாவை உட்காரச் சொன்னார். என்னையும் சொன்னார். பென்சிலை எடுத்தார். கணக்கு இந்த செமஸ்டரிலேயே வேண்டும், அது இல்லாமல் மேலே உள்ள பாடம் புரியாது என்றார். கம்ப்யூட்டரை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். பிராக்டிகலை மதிய வகுப்புக்கு மாற்றினார். தமிழைக் கணக்கில் எடுக்க முடியுமா என்று பார்க்கப் பழைய கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தை வாங்கி வரச் சொன்னார். காலை நேரக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஜெமிமா அப்போதுதான் அழுதாள்.

கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு செமஸ்டர் தமிழில் ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தார்கள். மற்றதற்கு அவள் மராத்தி படிக்கிறாள். ஆனால் அதிலும் கர்த்தர் ஒரு நன்மை வைத்திருந்தார். சாயங்காலம் அவள் மராத்தியைச் சத்தமாக வாசிப்பாள். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சொல்லிப் பார்ப்பாள். முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு எழுத்தெழுத்தாகச் சொல்ல வந்தது. இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள், தமிழிலும் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறாள். ஜெமிமா பரீட்சை எழுதிவிட்டாள். ரிசல்ட் வரவில்லை. எதுவானாலும் அடுத்த செமஸ்டருக்கு என்ன எடுப்பது என்று இப்போதே கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

நானும் மாறியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானே கேட்கிறேன். ரேஷன் கடையிலும் பேசுகிறேன். அன்பானவர்களே, இதெல்லாம் ஒரு ஜெபக் குறிப்பா, சிரிப்பார்களே என்று எதையும் மனதுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். சிரித்தாலும் சிரிக்கட்டும். ஆண்டவரிடம் கேளுங்கள், நாலு பேர் காது கேட்கக் கேளுங்கள். உதவி அந்த நாலு பேருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

சாட்சி எழுதித் தருகிறேன் என்று ஆகஸ்ட் மாதமே ஆசீர் ஐயாவிடம் சொன்னேன். கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வியாழக்கிழமை கூட்டத்தில் எஸ்தர் இடது கையைத் தூக்கினாள். படுத்த பிறகு அவள் வாயால் சொன்ன முதல் ஜெபக் குறிப்பு அது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம்.

“இவுக... இன்னும்... எழுதல. ஜெபிச்சுக்கிடுங்க.”

எழுதிவிட்டேன். தாராவி, டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு.