நுவரெலியாப் பனியில் ஹீட்டர் பிளக்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து லொறியை எடுத்தேன். பக்கத்தில் கிராண்ட்பாஸில் இருக்கும் மஹ்ரூப் நானா. பிள்ளைகளே, உங்களுக்கு அவரைத் தெரியும். என்னைவிட மூத்தவர், சிங்களம் தண்ணீர் மாதிரிக் கதைப்பார். நுவரெலியாவுக்கு நூற்று எண்பது கிலோமீற்றர். களனிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தரம் இறங்கி அடையாள அட்டை காட்டினோம். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதனால் எனக்குத்தான் கேள்விகள் அதிகம். கம்பளை தாண்ட வெயில் சுருங்கியது. றம்பொடையில் குளிருக்கு ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம்.

பின்னேரம் நான்கு மணிக்கு நுவரெலியாச் சந்தையில் கோவா, லீக்ஸ் மரக்கறி மூட்டைகள் ஏற்றி முடிந்தது. மலைப்பாதையில் இருட்டியபின் லொறி விட மாட்டார்கள், விடிந்துதான் இறங்கலாம். தை மாதத்தில் இங்கே பனி கொட்டும். குளிர்ந்த டீசல் எஞ்சின் எழும்பாது என்பதால் லொறிக்காரர்கள் விடியும்வரை எஞ்சினை ஓடவிடுவது வழக்கம். சந்தைச் சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ் சார்ஜன் அதைத் தடுத்தார். ஓடுகிற லொறியில் குண்டு இருக்கலாமாம். பக்கத்து லொறிச் சாரதியின் அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். என்னுடையதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“காலை ஏழு மணிக்கு இந்த லொறி இங்கே நிற்கக்கூடாது. நின்றால் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் மூட்டை மூட்டையாக இறக்குவோம்” என்றார் சிங்களத்தில். இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்தால் சரக்கு போச்சு. என்னையும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ தெரியாது.

குளிரில் வலு இறங்காமல் இருக்கப் பற்றரியைக் கழற்றிப் பக்கத்துத் தேநீர்க்கடை அடுப்படியில் வைத்தோம். மிச்சம் ஹீட்டர் பிளக். எஞ்சினுக்குள் சூடேற்றும் சின்னக் கம்பி அது. வயரை நட்டால் இறுக்கும் அதன் பூட்டில் பனி ஈரம் ஏறினால் கரண்ட் போகாது. கொட்டாஞ்சேனைக் கடற்காற்றில் எந்த ஆணி துருப்பிடித்தாலும் நாங்கள் தேங்காயெண்ணெய்தானே பூசுவோம்? நானும் பூட்டைத் தளர்த்தி, எண்ணெயைத் தாராளமாக விட்டு, மேலே சாக்கைக் கட்டிவிட்டுப் படுத்தேன்.

விடிய ஆறு மணி. புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெள்ளை. பற்றரியைப் பூட்டி, ஏறி இருந்து எஞ்சின் திறப்பைத் திருப்பினேன். பிளக் சூடாவதைக் காட்டி முன்பலகையில் சிவக்க வேண்டிய அடையாளக் கம்பி கறுப்பாகவே கிடந்தது. பொனற்றைத் திறந்து சாக்கை அவிழ்த்தேன். ஹீட்டர் பிளக்கின் பூட்டு முழுவதும் மெழுகுதிரி உருகி உறைந்தது போல எண்ணெய் கட்டியாகி நின்றது.

நானா எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, லொறிக்கும் எண்ணெ வச்சித் தலை சீவி வுட்டீக்கிறீங்க!”

தேநீர்க்கடை அக்காவும் வந்துவிட்டா. “தேங்கா எண்ணெயாங்க? எங்க போத்தலயே அடுப்புக்கிட்ட வச்சாத்தான் ஊத்தலாம். கொழும்புக்காரங்களுக்கு இது தெரியாதா?”

“சிரிக்கிறதை விட்டுட்டுச் சுடுதண்ணி தாங்கோ அக்கா” என்றேன்.

கேத்தலோடு வந்தா. சுடுநீரில் நனைத்த துணியைப் பூட்டில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். எண்ணெய் இளகியது. துடைத்தேன், பிளேட்டால் சுரண்டினேன். விரல்கள் என்னுடையவை போல இல்லை. அதற்குள் சார்ஜன் இழுவைக் கயிற்றோடு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். “போதும், விலகு” என்றார்.

நானா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் நானே சொன்னேன்: “தாம ஹத வெலா நே, மாத்தயா.” இன்னும் ஏழு ஆகவில்லை, ஐயா.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிறு பிடித்திருந்த பொலிஸ்காரன் அவர் முகத்தைப் பார்த்தான். நான் எவரையும் பார்க்கவில்லை. நட்டை இறுக்கிவிட்டு ஏறித் திறப்பைத் திருப்பினேன். கம்பி மெல்ல மெல்லச் சிவந்தது. நன்றாகச் சிவக்கும்வரை பொறுத்தேன். பிறகு ஸ்டாட். ஒரு இருமல், வெள்ளைப் புகை, இன்னொரு இருமல். பிடித்துக்கொண்டது!

எஞ்சினை ஓடவிட்டு இறங்கிப் போய்ச் சார்ஜனுக்கு முன்னால் கையை நீட்டினேன். அட்டையைத் தந்தார்.

“இனி இங்கே நிறுத்தாதே.”

“ஏனாம்? மற்ற லொறிகளும் இங்கதானே நிக்குது” என்று தமிழில் நானாவிடம் கேட்டேன். நானா அதை அப்படியே சிங்களத்தில் கேட்டார். அக்காவிடம் பால் விடாத பிளேன்ரீ இரண்டு வாங்கி, பத்து ரூபாவைக் கொடுத்து, நின்று, ஆறுதலாகக் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

கொழும்பில் இறங்கியபோது சட்டை வியர்வையில் ஒட்டியது. இங்கே பனி இல்லை. அட்டை கேட்கிற கை மட்டும் இங்கேயும் அதே கைதான். கேட்டால் காட்டுங்கள், பிள்ளைகளே. காட்டிவிட்டு, திரும்பக் கையை நீட்டி வாங்குங்கள்.

நாளைக்குத் திரும்பவும் திங்கட்கிழமை. மஹ்ரூப் நானா பனியில் உறையாத கிறீஸ் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார். லொறியை அந்தச் சாவடிக்கு நேர் முன்னால்தான் நிறுத்தப்போகிறோம்.